‘கிஃப்ட்’ என்று எழுதினால் சுங்க வரி இல்லையா? தவறு

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கத்து நாணயம், தபால்தலை, பொம்மைக் கார் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “வெளிநாட்டு விற்பவரிடம் கிஃப்ட் என்று எழுதச் சொல்லுங்க, 5,000 ரூபாய் வரை வரியே கிடையாது.”

இது பழைய கதை. மத்திய அரசின் 2019 டிசம்பர் 12 அறிவிக்கையின்படி, தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லிச் சலுகையில் பொருள் இறக்குவதற்குத் தடை. விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான். முழு வரி கட்டினால் பரிசையும் வாங்கலாம். காசு கொடுத்து வாங்கியதைப் பரிசு என்பதே பொய்; சிக்கினால் பறிமுதல், அபராதம் இரண்டும் வரலாம்.

வரி பொருளின் விலைக்கு மட்டும் என்று நினைப்பதும் பிழை. 40 டாலர் நாணயத்துக்கு 8 டாலர் தபால் செலவு என்றால் கணக்கு 48-இல் தொடங்கும், அதுவும் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில். பிறகு வரிமேல் வரி: மதிப்பு 100, அடிப்படை வரி 20 என்று வைத்துக்கொண்டால், அந்த 20-இல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 2. ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 122-க்குப் போடப்படும். வீட்டு வாசலில் தபால்காரர் கேட்கும் தொகை பலரைத் திடுக்கிட வைப்பது இதனால்தான். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும்; ஆர்டருக்கு முன் பாருங்கள்.

பொட்டலத்தின் மேல் ஒட்டும் சிஎன் 22 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் “பழைய நாணயம், 1, 40 டாலர்” என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பில் நகலை உள்ளேயும், உறையின் வெளியேயும் வைக்கச் சொல்லுங்கள். 5 டாலர் என்று குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால், அதற்கு மேல் நஷ்டஈடு கேட்க வழியில்லை.