காசா மாணவர்களின் சிரமம் 2023-இல் தொடங்கியதல்ல

அண்ணே, "2023 அக்டோபருக்கு முன்னால் காசா மாணவர்கள் நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைகள் மாதிரி நிம்மதியாகத்தான் படித்தார்கள், தடை ஆயுதத்துக்கு மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. பல்கலைக்கழகங்கள் நடந்தன, உண்மைதான். ஆனால் ஆட்களும் பொருட்களும் போய்வருவதைக் கட்டுப்படுத்தும் இஸ்ரேலின் முற்றுகை 2007-லிருந்தே இருக்கிறது. 2017-இல் பல நாட்கள் மின்சாரம் நாலு மணி நேரம்தான் வந்தது. அசைன்மென்ட், தண்ணீர் ஏற்றுவது, போன் சார்ஜ் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

வெளியே போய்ப் படிப்பது இன்னும் கொடுமை. நம்ம தோட்டத்துப் பிள்ளை தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்துக்குப் போக பஸ் டிக்கெட் போதும். ஆனால் 2008-இல் அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகை கிடைத்த ஏழு காசா மாணவர்களுக்கு இஸ்ரேல் வெளியேற அனுமதி தராததால், அமெரிக்கா அந்த உதவித்தொகையையே திரும்பப் பெற்றது. செய்தி பெரிதான பிறகுதான் மீண்டும் கொடுத்தார்கள். அப்புறமும் சிலருடைய விசா ரத்தானது. இதில் ஆயுதம் எங்கே வந்தது?

சாப்பாடு கிடைத்ததா என்பது மட்டும் வாழ்க்கைத் தரமாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் நான்கையும் கேட்கிறது. முற்றுகை இந்த நான்கையும் தொடுகிறது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள், நம்ம படிவம் ஆறு பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.