நிலவு இல்லாவிட்டால் கடல் அசையாதா?

நேற்றுப் பூரணை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஒரு காணொளி போட்டார். நிலவு மறைந்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம், உயிரே மிஞ்சாதாம். எல்லாரும் இதயம் போட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடலைச் சூரியனும் ஏற்றி இறக்குகிறது, நிலவு செய்வதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக. ஆகவே கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு நின்றுவிடாது, சிறுத்துப் போகும். இப்போது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திப் பிந்தி வருகிற பெருக்கு, அப்போது தினமும் ஒரே நேரத்துக்கு வரும். அலை காற்றின் வேலை. மாரியில் நிலாவெளிக் கடல் கொந்தளிப்பதற்கும் நிலவுக்கும் சம்பந்தமில்லை.

திருகோணமலையில் பறுவத்துக்கும் அமாவாசைக்கும்கூடத் தண்ணீர் இரண்டடியைச் சுற்றித்தான் ஏறி இறங்கும். அதனால்தானோ என்னவோ, நிலவு என்றால் எங்களுக்குப் போயா விடுமுறை, ஆடி அமாவாசைத் தீர்த்தம், கிண்ணியாவில் நோன்புப் பிறை, அப்புறம் மீன். நிலாக் காலத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், இருட்டுக்குத்தான் மீன்பாடு என்பார் அப்பா. சரி, இதெல்லாம் உண்மைதான். ஆனால் நிலவு செய்த ஆகப் பெரிய வேலை நாங்கள் கண்ணால் காணாதது, அதற்குச் சாட்சி முருகைக்கல்.

புறாத்தீவில் முங்கிப் பார்த்தவர்களுக்கு முருகையைத் தெரியும். அது நாளுக்கொரு மெல்லிய கோடாகச் சுண்ணாம்பு சேர்த்து வளரக்கூடியது. 1963இல் ஜோன் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 38 கோடி ஆண்டுக்கு முந்திய முருகைப் புதைபடிவங்களில் அந்தக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குள் 365 இல்லை, 400 அளவில் இருந்தன. ஆண்டின் நீளம் அப்போதும் இதேதான், நாள்தான் குறுகல், 22 மணி நேரம். கடலை இழுத்து இழுத்தே நிலவு பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, இன்றும் போடுகிறது, அதனால் தானும் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. 1969இல் அப்பொல்லோ 11 வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளக்கிறார்கள். நிலவே இருந்திராவிட்டால் எங்கள் நாள் 24 மணியை எட்டியிருக்காது, பூமி இன்னும் வேகமாகச் சுழன்றிருக்கும்.

பூமியின் சாய்வு இன்னொன்று. இப்போது 23.4 பாகை, 41,000 ஆண்டுச் சுற்றில் இரண்டரைப் பாகைக்குள்தான் ஆடுகிறது. நிலவு இல்லாவிட்டால் 0 முதல் 85 வரை போகலாம் என்று 1993இல் பிரெஞ்சு வானியலாளர் லாஸ்கர் குழுவினர் கணக்குப் போட்டார்கள். பின்னால் வந்த கணக்குகள் அவ்வளவு மோசமில்லை, ஆட்டமும் மெதுவானதுதான் என்றன. அதனால்தான் "உயிரே மிஞ்சாது" என்று அடித்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. உயிர் இருந்திருக்கலாம், வேறு மாதிரி. மாரியும் கோடையும் இந்த ஒழுங்கில் வந்திருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது.

மாதாமாதம் பூரணைக்கு விடுமுறை விடுகிற நாடு இது. அந்த ஒரு நாளில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போய் இதைக் காட்ட ஏன் யாருக்கும் தோன்றவில்லை? அடுத்த பூரணைக்கு உள்துறைமுகக் கரையில், அலை இல்லாத இடமாகப் பார்த்து, அடி அளவு குறித்த தடியொன்றை நட்டு வைக்கப் போகிறேன். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே எழுதட்டும். மச்சான், உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.