பனி போச்சு, குழாயும் போச்சு

பனி விட்டுடுச்சேன்னு தோட்டத்துக் குழாயைத் திறந்தா, தண்ணி சுவருக்குள்ள சலசலன்னு ஓடுது. போன வருஷம் வெறும் சொட்டு. வாஷரை மாத்தினேன், நின்னுச்சு. இந்தத் தடவை சுவருக்குள்ள போற செம்புக் குழலே விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கு. உறையாத குழாய்னு சொல்லித்தான் வித்தாங்க! அடைப்பு வால்வு சுவருக்குள்ள, வீட்டுச் சூட்டுல இருக்கும், மூடினதும் மிச்சத் தண்ணி வெளியே வடிஞ்சிடும். வடியும்தான், ஹோஸைக் கழட்டியிருந்தா. நான் எங்க கழட்டினேன்? தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், செம்பு என்ன பண்ணும், பாவம். புதுசை வெளிப்பக்கம் லேசா சரிச்சு மாட்டணும். அதுக்கு முன்னாடி சுவரை உடைக்கணும். அந்த ஹோஸ் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாம சுருண்டு படுத்திருக்கு, மகராஜன் மாதிரி.