டெக்கைச் சரிசெய்யச் சொன்னால் ஏன் பிடுங்கி எறிகிறீர்கள்?

"டேய், தோத்துக்கிட்டே இருக்கேன், என் டெக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்று நண்பன் ஒருவன் கார்டுக் கட்டை நீட்டுகிறான். வாங்கியவர் பத்து கார்டு புரட்டுவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்: "இதெல்லாம் குப்பை. ஜெயிக்கிற லிஸ்ட் ஒண்ணு அனுப்புறேன், அதை அப்படியே வாங்கிப் போடு." இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அவன் கேட்டது அவனுடைய டிராகன் டெக்கைத் தேற்ற வழி. கிடைத்ததோ முகம் தெரியாத யாரோ கட்டிய டெக்.

மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஆடுபவர் தன் கார்டுகளில் தேர்ந்தெடுத்துக் கட்டும் கட்டுதான் டெக். 1993ல் வந்த முதல் தொகுப்பிலேயே ஷிவன் டிராகன் இருந்தது. பறக்கும், 5/5 (அடிக்கும் பலம் ஐந்து, தாங்கும் பலம் ஐந்து), இறக்க ஆறு மானா (கார்டை ஆடக் கொடுக்கும் விலை). அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒருவன் சிவப்பு, பச்சை கார்டுகளைச் சேர்த்து டெக் கட்டினால் அந்த ஆசையில் என்ன தப்பு? அவன் தோற்பது டிராகனால் இல்லை. உதவ வந்தவர் முதலில் உட்கார்ந்து எண்ணியிருந்தால் அது தெரிந்திருக்கும்.

எண்ணுங்கள். உதாரணத்துக்கு, புதிதாக ஆடுபவர் டெக்கில் 74 கார்டு இருக்கும், அதில் லேண்ட் (மானா தரும் கார்டு) 21. அறுபது என்பது குறைந்தபட்ச அளவு என்று விதியில் போட்டிருப்பதால் கூடினால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லாமல் இல்லை! 74க்கு 21 லேண்ட் என்றால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் ஒரே லேண்டோ, ஒன்றுகூட இல்லாமலோ வரும் வாய்ப்பு 35 சதவீதம். மூன்று ஆட்டத்தில் ஒன்று தொடங்கும் முன்பே நொண்டுகிறது. 60க்கு 24 வைத்தால் அதே வாய்ப்பு 14 சதவீதம், ஏழில் ஒன்று. ஒரு புதுக் கார்டுகூட வாங்காமல், வீட்டில் சும்மா கிடக்கும் மூன்று பேசிக் லேண்டை (சாதாரண லேண்ட்) சேர்த்து, 17 கார்டை வெளியே எடுத்தால் முடிகிற வேலை இது. இதைச் சொல்ல ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை?

அடுத்து, கார்டுகளைத் தரையில் பரப்புங்கள். லேண்டை ஒதுக்கிவிட்டு மிச்சம் 53ஐயும் மானா விலைப்படி வரிசை வரிசையாக வையுங்கள். இடது ஓரத்தில் ஒரு மானாவுக்கு இரண்டே கார்டு. இரண்டு மானாவுக்கு ஐந்து. மூன்றுக்கு ஒன்பது, நான்குக்குப் பன்னிரண்டு, ஐந்துக்குப் பதினொன்று. வலது ஓரத்தில் ஆறும் அதற்கு மேலும் பதினான்கு கார்டு மலைபோல் குவிந்து நிற்கும். முதலில் ஆடுபவர் தன் ஆறாவது டர்ன் (ஆடும் முறை) வரை பார்ப்பது மொத்தம் 12 கார்டு. அந்த 74 கார்டு டெக்கில் அதற்குள் சராசரியாக மூன்றரை லேண்டுகூட வராது. அந்தப் பதினான்கும் கையிலேயே கிடந்து வேகும். டிராகன் மோசம் என்று அவனிடம் சொல்லாதீர்கள், இந்த வரிசையைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் அவனே நாலு கார்டை எடுத்துத் தள்ளி வைப்பான்.

24 லேண்ட் போனால் மிச்சம் 36 இடம். ஒரே கார்டை நான்கு நான்காக வைத்தால் ஒன்பதே வகை. இங்கேதான் மனசு வலிக்கும், தெரியும். ஆனால் பிடித்த கார்டு என்று ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்தால், 74ல் அந்த ஒன்று முதல் கையில் வர வாய்ப்பு பத்து சதவீதம்கூட இல்லை. 60ல் நான்கு வைத்தால் 40 சதவீதம். எதைப் பார்க்க ஆசைப்பட்டு டெக் கட்டினானோ அது அடிக்கடி கைக்கு வரத்தானே வேண்டும்? கார்டில் லெஜண்டரி என்று போட்டிருந்தால் நான்கு வேண்டாம். அதே பெயரில் இரண்டாவது இறங்கினால் ஒன்று கிரேவ்யார்டுக்கு (கழிந்த கார்டுகளின் குவியல்) போய்விடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இந்த டெக்குக்கு நான் வைப்பது இப்படி: ஒரு மானாவில் எட்டு (லானோவார் எல்வ்ஸ் நான்கு, லைட்னிங் போல்ட் நான்கு), இரண்டில் பத்து, மூன்றில் எட்டு, நான்கில் நான்கு, அதற்கு மேல் ஆறு. அந்த ஆறும் டிராகன்தான்! எல்வ்ஸ் மானா தருவதால் டிராகன் ஒரு டர்ன் முன்னதாகவே இறங்கும், போல்ட் அதுவரை எதிரியின் சின்னக் கிரீச்சர்களை (சண்டை போடும் கார்டுகள்) சுட்டுத் தள்ளும். எதிரி மேஜையில் இருப்பதை அழிக்கும் கார்டு ஆறிலிருந்து எட்டு இருக்க வேண்டும். உயிர்ப் புள்ளியை மட்டும் ஏற்றும் கார்டுகளை முதலில் கழியுங்கள். நாலு புள்ளி ஏறியும் எதிரே நிற்கும் கிரீச்சர் அப்படியே நிற்கிறதே! கிரீச்சர்மேல் ஒட்டும் ஆராக்களும் அப்படித்தான். கிரீச்சரை எதிரி ஒரே கார்டால் கொன்றால் உங்களுக்கு இரண்டு நஷ்டம்.

எந்த லேண்ட் எந்த நிற மானா தரும் என்ற கணக்கை யாருமே பார்ப்பதில்லை, அது இன்னும் கொடுமை. முதல் டர்னில் எல்வ்ஸ் இறங்க வேண்டுமென்றால் பச்சை தரும் லேண்ட் சுமார் 14 தேவை. பத்து ஃபாரஸ்ட் (பச்சை), பத்து மவுண்டன் (சிவப்பு), இரண்டு நிறமும் தரும் லேண்ட் நான்கு. இரண்டு பக்கமும் 14 வந்துவிடும். டேப் ஆகி இறங்கும் லேண்ட் (இறங்கிய டர்னில் மானா தராதது) அந்த முதல் டர்னுக்கு உதவாது, அதனால் அதை நான்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

(மேஜிக்கின் இன்னொரு வகையான கமாண்டர் ஆடுபவர்கள் இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே 100 கார்டு, பேசிக் லேண்ட் தவிர எல்லாம் ஒவ்வொன்றுதான், லேண்ட் 36லிருந்து 38. யூகியோ என்ற வேறொரு கார்டு ஆட்டத்தில், 40 கார்டு டெக்கில் மூன்று வைத்த கார்டு முதல் ஐந்தில் வரும் வாய்ப்பு 34 சதவீதம். டெக்கை 60 ஆக்கினால் 23. பருத்த டெக் எந்த ஆட்டத்திலும் தண்டனைதான்.)

மாற்றிய கையோடு கிளம்பிவிடாதீர்கள். நன்றாகக் கலைத்து, ஏழு கார்டு எடுத்து, எதிரியே இல்லாமல் நாலு டர்ன் ஆடிப் பாருங்கள். பத்து முறை. எந்தக் கார்டு கையில் தேங்கியது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஒரு தடவைக்கு நான்கைந்து கார்டு மட்டும் மாற்றுங்கள். ஒரேயடியாக இருபதை மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதை மன்னிக்கவே முடியாது. "இது உனக்குத் தேவைப்படாது, நான் எடுத்துக்கிறேன்" என்று, விலை தெரியாதவனின் ரேர் கார்டைச் சரிசெய்யும் சாக்கில் தன் பைண்டரில் (கார்டு ஆல்பம்) சொருகிக்கொள்கிறவர்கள். அது திருட்டு. வெளியே எடுத்த 17 கார்டும் அவனுடையது. எண்ணி, ஸ்லீவோடு (கார்டு உறை) ஒரு டப்பாவில் போட்டு, அவன் கையிலேயே கொடுங்கள். பத்து ஆட்டம் கழித்து அதில் எது மறுபடி உள்ளே வர வேண்டும் என்று அவன் சொல்லட்டும்.