தண்ணீர் அடங்கும் வரை

சில நாட்களுக்கு முன்பு நண்பர் ஒருவரிடம், கப்பல்களின் சிறு மாதிரிகளைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த ஆங்கிலேயர் வில்லியம் ஃப்ரூடைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே இடைமறித்து, "சோற்றுக்குக் கவலை இல்லாத மனுஷன் தொட்டியில் பொம்மைக் கப்பல் விட்டிருக்கிறார், அதைப் போய் விஞ்ஞானம் என்கிறீர்கள்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

கப்பல் கட்டும் துறையில் படித்தவர்களுக்கு ஃப்ரூட் என்பது கப்பலின் வேகத்தையும் நீளத்தையும் இணைக்கும் ஓர் எண்ணின் பெயர். எங்கள் வகுப்பில் அதைப் 'பழ எண்' என்றே சொல்வோம். பரீட்சைத் தாளில் யாராவது அப்படியே எழுதிவிடுவார்களோ என்ற பயம் எனக்குக் கடைசி வரை இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதும், அவர் கப்பல் கட்டும் தொழிலில் ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அல்லர் என்பதும் வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

1810ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்டிங்டன் என்ற ஊரில், தேவாலயத்தில் உயர்ந்த பொறுப்பு வகித்த ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, 1837 முதல் புரூனெல் என்ற பெரும் பொறியாளரின் கீழ் பிரிஸ்டல்–எக்ஸெட்டர் ரயில் பாதையில் வேலை பார்த்தார். நேர்ப்பாதையில் வரும் ரயில் வளைவுக்குள் நுழையும்போது பெட்டி வெடுக்கென்று குலுங்காமல் இருக்க, வளைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகும் முறையை அவர் அங்கே வகுத்தார். 1846இல், உடல்நலம் குன்றிய தந்தைக்குத் துணையாக இருப்பதற்காக, முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நம் ஊரில் இப்படி ஒருவர் திரும்பி வந்தால் உறவினர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வருமானத்துக்குத் தவிக்காத குடும்பம் என்பதால் அது அவருக்குச் சாத்தியமாயிற்று. நண்பர் சொன்ன பாதி இதுதான், அதை நான் மறுக்கவில்லை.

அவரைக் கப்பலுக்குள் இழுத்து வந்தவர் பழைய முதலாளியான புரூனெல்தான். அந்நாளில் உலகத்திலேயே பெரிய கப்பலாகிய 'கிரேட் ஈஸ்டர்ன்' கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அது அலையில் எப்படி ஆடும் என்பதை ஆராயும்படி அவர் ஃப்ரூடைக் கேட்டார். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் மெல்லத் தள்ளித் தள்ளியே உயரப் பறக்கவிடலாம் அல்லவா? கப்பலுக்கும் தனக்கென ஓர் ஆட்டக் காலம் உண்டு. வரிசையாக வரும் அலைகளின் காலம் அதனுடன் ஒத்துப்போய்விட்டால், அலை சிறியதானாலும் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். ஃப்ரூட் 1861இல் வாசித்தளித்த தம் கட்டுரையின் சாரம் இதுதான். பின்னாளில் கப்பலின் அடிவயிற்றில் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் தகடு பதிக்கும் பில்ஜ் கீல் முறையையும் அவர் கடலிலேயே சோதித்தார். தகடு பதித்த கப்பலும் பதிக்காத கப்பலும் ஒரே அலையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்பட்டன. பதித்ததன் ஆட்டம் ஏறத்தாழ பாதிதான் இருந்தது.

ஆனால் அவருடைய முக்கியமான வேலை வேறு. ஒரு கப்பலை இன்ன வேகத்தில் செலுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கப்பலைக் கட்டி, நீராவி இயந்திரத்தைப் பொருத்தி, கடலில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சிறிய மாதிரி செய்து இழுத்துப் பார்ப்பது புதிய யோசனையும் அல்ல. பியூஃபாய் என்ற மற்றொரு வசதி படைத்த கர்னல், 1790களில் லண்டனில் உள்ள கிரீன்லாந்து கப்பல்துறையின் தண்ணீரில் மரத்துண்டுகளை இழுத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் செய்திருந்தார். சிறியதில் அளந்ததைப் பெரியதுக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்ற கேள்விதான் யாருக்கும் பிடிபடாமல் நின்றது.

1867இல் ஃப்ரூட் டார்ட் ஆற்றில் இரண்டு வகை மாதிரிகளை ஓட்டினார். ஒன்றுக்கு அண்டங்காக்கை என்று பொருள்படும் 'ரேவன்' என்றும், மற்றதற்கு அன்னம் என்று பொருள்படும் 'ஸ்வான்' என்றும் பெயர். ரேவனின் அணியம், அதாவது முன்முனை, கூர்மையானது. கப்பல் கட்டுநர் ஸ்காட் ரஸ்ஸல் வகுத்த, அந்நாளில் எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கொள்கையின்படி அமைந்தது. ஸ்வானின் முனைகள் நீர்ப்பறவையின் உடலைப் போல உருண்டு திரண்டவை. ஒவ்வொன்றையும் 3 அடி, 6 அடி, 12 அடி என மூன்று அளவுகளில் செய்து, ஒரு நீராவிப் படகின் இரு பக்கமும் கட்டி இழுத்தார். ஒரு வேகத்தில் அண்டங்காக்கை நன்றாக ஓடியது, வேறொரு வேகத்தில் அன்னம் முந்தியது. எல்லா வேகத்துக்கும் உகந்த ஒரே வடிவம் உண்டு என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. அதைவிடப் பெரிய விஷயத்தை அவர் அங்கே கண்ணால் கண்டார். சிறியதும் பெரியதும் தத்தமக்குப் பொருந்திய வேகத்தில் செல்லும்போது அவை எழுப்பும் அலைக்கோலம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது.

அந்தப் பொருந்திய வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கப்பலைவிட 16 மடங்கு சிறிய மாதிரியைக் கப்பலின் வேகத்தில் 4இல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் போதும். இரண்டும் ஒரே அலையைத்தான் எழுப்பும். அப்போது அலை எழுப்புவதற்காகும் தடையை அளந்து, 16ஐ மூன்று முறை பெருக்கி வரும் 4096ஆல் பெருக்கினால் கப்பலின் கணக்கு வந்துவிடும். இந்த விதியை ரீச் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1852லேயே எழுதியிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர் மட்டும் ஃப்ரூடுக்குப் போய்விட்டது. ஆனாலும் விதியோடு வேலை முடிந்துவிடவில்லை. கப்பலின் மேனியில் தண்ணீர் உராய்வதால் வரும் தடை இந்தப் பெருக்கலுக்குக் கட்டுப்படாது. அதை அலைத்தடையிலிருந்து பிரித்துத் தனியே கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்து, அதற்காக மெல்லிய பலகைகளை 50 அடி நீளம் வரை செய்து, ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்கு வெள்ளீயத்தகடு, ஒன்றுக்குக் காடாத்துணி, ஒன்றுக்கு மணல் என மேற்பரப்பை மாற்றி மாற்றித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தவர்தான் ஃப்ரூட். பலகை நீள நீள, ஒரு சதுர அடிக்கான சராசரித் தடை குறைவதை அவர் கண்டார். வால் பக்கத்தைத் தொடும் தண்ணீர் ஏற்கெனவே பலகையோடு சேர்ந்து நகரத் தொடங்கிவிடுவதே அதற்குக் காரணம்.

1868இன் இறுதியில் அவர் கடற்படைத் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீடுக்குத் தம் திட்டத்தை அனுப்பினார். தொட்டி கட்டவும் இரண்டு ஆண்டு நடத்தவும் 2000 பவுண்டு கேட்டார்; தமக்கென்று ஊதியம் கேட்கவில்லை. துறையின் பெரிய தலைகள் எதிர்த்தன. முழு அளவுக் கப்பலைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அறிஞர் குழு ஒன்று பரிந்துரைத்தது; அந்தக் குழுவில் இருந்துகொண்டே ஃப்ரூட் மாறுபட்டார். இந்தக் குட்டிச் சோதனைகள் ஃப்ரூடுக்கு அளவில்லாத இன்பம் தரலாம், பெரிய கப்பலுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்ற பொருளில் ஸ்காட் ரஸ்ஸல் பேசினார். என் நண்பர் சிரித்த அதே சிரிப்பு, ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு. இருந்தும் 1870இல் கடற்படை ஒப்புதல் அளித்தது.

டார்க்கீ நகரில் தம் வீட்டுக்கு அருகிலேயே அவர் கட்டிய தொட்டி 278 அடி நீளம், 36 அடி அகலம். மேலே தண்டவாளம், அதில் ஓடும் வண்டி, வண்டிக்கு அடியில் மாதிரி. மாதிரிகள் பாரஃபின் மெழுகால் ஆனவை. மெழுகு தண்ணீரை உறிஞ்சாது, எளிதாகச் சீவலாம், வடிவம் பிடிக்காவிட்டால் உருக்கி மறுபடியும் வார்க்கலாம். வரைபடத்தின் கோட்டைப் பின்பற்றி மெழுகைச் செதுக்கும் இயந்திரத்தையும், தடையைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியையும் அவரே வடிவமைத்தார்.

மாணவனாக இருந்தபோது டோயிங் டேங்க் என்று நாங்கள் சொல்லும் இழுவைத் தொட்டி ஒன்றில் சில வாரம் எடுபிடி வேலை செய்திருக்கிறேன். வண்டி ஒரு முறை ஓடி முடிக்கச் சில விநாடிகள்தான் ஆகும். அதன் பிறகு காத்திருக்க வேண்டும். மாதிரி கிளப்பிய அலை சுவரில் மோதித் திரும்பி, மறுபடி மோதி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலைக்கு வந்த பிறகும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வண்டியை விட்டால் முந்தைய ஓட்டத்தின் அலையும் இந்த ஓட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். ஒரு நாள் பொறுமையிழந்து ஐந்து நிமிடம் முன்னதாகவே ஓட்டிவிட்டோம். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக நிற்க, அது மட்டும் தெருவில் தனியாகப் படுத்திருக்கும் நாயைப் போலக் கிடந்தது. வரிசை முழுவதையும் மறுபடி எடுக்க வைத்தார்கள். ஃப்ரூடின் செல்வம் அவருக்கு வாங்கித் தந்தது இந்தக் காத்திருப்பைத்தான் என்று நான் நினைக்கிறேன். ஆண்டிறுதி அறிக்கைக்காகவோ அடுத்த நிதிக்காகவோ ஓட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதே வசதி இருந்த எத்தனையோ கனவான்கள் நரி வேட்டைக்குப் போனார்கள் என்பதையும் நண்பர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிடைத்த அவகாசத்தைத் தம் கருத்தையே சோதிக்கச் செலவழித்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. தொட்டியின் கணக்கு சரிதானா என்று பார்க்க 'கிரேஹவுண்ட்' என்ற உண்மையான போர்க்கப்பலை 1871இல் 'ஆக்டிவ்' என்ற மற்றொரு கப்பலால் கடலில் இழுக்க வைத்தார். நேர்ப் பின்னால் கட்டி இழுத்தால் முன்கப்பல் கலக்கிய தண்ணீரில் பின்கப்பல் ஓடும், அளவு கெட்டுவிடும். அதனால் ஆக்டிவின் பக்கவாட்டில் 45 அடி நீளமான மரம் ஒன்றை நீட்டி, அதன் முனையிலிருந்து வடம் கட்டி, கலங்காத தண்ணீரில் கிரேஹவுண்டை இழுத்தார்கள். மாதிரி சொன்னதும் கப்பல் சொன்னதும் நெருக்கமாக ஒத்துப்போயின. கூடவே வேறொன்றும் வெளிப்பட்டது: கப்பலின் இயந்திரம் உண்டாக்கும் சக்தியில் பாதிக்கும் குறைவே கப்பலை முன்னே தள்ளப் பயன்பட்டது, மீதி இயந்திரத்திலும் திருகுவிசிறியிலும் வீணாகிக்கொண்டிருந்தது.

இந்தச் சந்தேகக் குணம் கப்பலோடு நிற்கவில்லை. மனைவி கேத்தரின் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார், பிள்ளைகள் பலரும் மாறினார்கள், ஃப்ரூட் மட்டும் மாறவில்லை. குடும்ப நண்பரும் கத்தோலிக்கராக மாறிய மதகுருவுமான நியூமனுடன், முழு உறுதி என்று எதையும் மனிதன் சொல்ல முடியுமா என்று பல ஆண்டுகள் கடிதத்தில் வாதிட்டார். நட்பு முறியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். இன்றைய முகநூலில் மூன்று பின்னூட்டம் தாங்காது.

1878இல் கேத்தரின் காலமானார். அதன் பின்னர், கடற்படையின் விருந்தினராகப் போர்க்கப்பல் ஒன்றில் ஓய்வுப் பயணம் சென்ற ஃப்ரூட், 1879 மே 4 அன்று தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் நோயுற்று இறந்தார். கடற்படையில் எந்தப் பதவியும் வகிக்காத அவரை முழுக் கடற்படை மரியாதையுடன் அங்கேயே அடக்கம் செய்தார்கள். டார்க்கீ தொட்டியை மகன் எட்மண்ட் ஏற்று நடத்தி, 1880களில் இங்கிலாந்தின் ஹாஸ்லர் என்ற இடத்துக்கு மாற்றி, அதற்குப் பின்னும் பல்லாண்டு அங்கே கப்பல் மாதிரிகளை இழுத்துக்கொண்டிருந்தார். எட்மண்டுக்குச் சம்பளம் உண்டு என்பதை நண்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.