ஆமாம், அது அம்மாவின் புடவைதான்

அம்மாவின் பழைய பட்டுப் புடவையில் தைத்த உடுப்பில் என் மகள் இருக்கும் படத்தைப் போட்டேன், அதன் கீழே சொந்தக்காரர்கள் தொடங்கிப் பலரும் குறை சொல்லி எழுதிவிட்டார்கள். அந்தப் படத்தை நான் நீக்கப்போவதில்லை. "எதற்கு வம்பு, எடுத்துவிடுங்கள்" என்று நேற்று முதல் தனிச்செய்தியில் அறிவுரை சொல்பவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வம்பை இழுத்தவர்களிடம் ஒருவரும் எதையும் எடுக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. கருத்துகள் அங்கேயே கிடக்கின்றன, படித்திருப்பீர்கள். ஆமாம், தம்பி மகன் காதுகுத்தில் என் மகள் போட்டிருந்தது பழைய புடவையில் தைத்த பாவாடை சட்டைதான். ஆமாம், அது அம்மாவின் அரக்குப் பட்டு. "விசேஷத்துக்குக்கூடவா பிள்ளைக்கு ஒரு புதுத்துணி எடுக்க முடியவில்லை?" என்று கேட்ட சித்திக்குப் பதில்: முடியும் சித்தி. கடைக்குப் போய் அட்டையை நீட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குத்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார வேண்டியிருந்தது.

பழைய பட்டை எடுத்தவுடன் கத்தரி வைத்துவிட முடியாது. முதலில் புடவையின் அடியோரத்தில் வைத்துத் தைத்த ஃபால்ஸைப் பிரிக்க வேண்டும், பட்டின் இழை கூடவே வந்துவிடாமல் ஒவ்வொரு தையலாக. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டு முதலில் விடுவது மடிப்பில்தான். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த புடவை மேலுக்குப் புதிதாகத்தான் தெரியும். விரித்துப் பிடித்தால் மடிப்பு நெடுக வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கும். அம்மாவின் புடவையில் கொசுவம் வருகிற பக்கம் முழுக்க இற்றுப்போயிருந்தது. மீதி உடலும் முந்தானையும் கரையும் தேறின. கரையைப் பாவாடையின் அடியில் வருமாறு வைத்து, உள்ளே மல் துணியில் லைனிங் கொடுத்தேன். குண்டூசி குத்தினால் பட்டில் ஓட்டை நின்றுவிடும் என்பதால் ஓரங்களில் எல்லாம் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டேன். ஜரிகை மேல் ஊசி இறங்குகிற இடங்களில் மெஷினை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட டக்கும் பிடித்திருக்கிறேன். இதெல்லாம் வேலை. கூலி கொடுத்துச் செய்யச் சொன்னால் நம் தெரு டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வேலை. இதைத்தான் "கஞ்சத்தனம்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

லண்டனிலிருந்து "குடும்ப கௌரவம்" பற்றி எழுதிய அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கிற நாட்டில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்த பிறகும் 1949 மார்ச் வரை நீடித்தது. பழைய துணியை ஒட்டியும் வெட்டியும் எப்படித் திரும்பப் போடுவது என்று 1943இல் அந்த அரசாங்கமே கையேடு வெளியிட்டது. அதனால் அந்த நாட்டின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீங்கள் குடியுரிமை வாங்குகிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே தானப் பெட்டிகளில் போடுகிற கம்பளிக் கோட்டுகளில் ஒரு பங்கு மூட்டை மூட்டையாகக் குஜராத்தின் கண்ட்லா துறைமுகத்தில் இறங்கி, ஹரியானாவின் பானிபட்டுக்குப் போய்ச் சேருகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறவாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். துணி நாராகி, திரும்ப நூலாகி, மலிவுக் கம்பளியாகிறது. உங்கள் கௌரவத்தை அவர்கள் நன்றாகவே பார்த்திருப்பார்கள் அண்ணா.

"எல்லாரும் இப்படிப் பழையதைத் தைத்துப் போட்டால் நெசவாளர் என்ன ஆவார்?" இது மட்டும் நியாயமான கேள்வி. கேட்டவர் சுயவிவரப் படத்தில் கட்டியிருப்பது சூரத் பாலியெஸ்டர் என்பதை நான் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான் கைத்தறி வாங்குகிறேன், கோ-ஆப்டெக்ஸில் வாங்குகிறேன். அது போகட்டும். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒருவருக்கு இருவராக உட்கார்ந்து, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்றை ஓட்டி நெய்கிறார்கள். அந்த உழைப்பை அந்துருண்டை போட்டு மடித்து வைத்து, இற்றுப்போன பிறகு பழைய பட்டு வாங்குகிறவரிடம் போடுவதுதான் நெசவாளருக்குச் செய்யும் மரியாதையா? அவர் அதை என்ன செய்வார் தெரியுமா? எரித்து, ஜரிகையில் இருக்கும் வெள்ளியை எடுப்பார். அவர் தொழில் அது, குறை சொல்லவில்லை. எரிப்பதற்குக் கொடுக்கிறவர்கள் தைப்பவளைக் கேள்வி கேட்பதுதான் பொறுக்கவில்லை.

கிருமி என்றாரே ஒருவர், அவருக்கு: துவைத்தேன். கடையில் எடுக்கிற புதுச் சட்டையை உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டு வாங்குவதுண்டா?

இனி, என்னைக் காப்பாற்ற வந்தவர்கள். "அவர்களுக்கு வசதி இல்லாமல் இல்லை, ஓர் ஆசைக்குச் செய்கிறார்கள்" என்று எனக்காக வாதாடியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. வசதி இல்லாமல் செய்திருந்தால்? அப்போது சித்தி கேட்டது சரியாகிவிடுமா? டிசைனர் பொட்டிக்கில் அம்மாவின் புடவையைக் கொடுத்து கவுன் தைத்துப் படம் போட்டால் அதற்கு நூறு இதயக்குறி. வீட்டு மெஷினில் தைத்தால் முதலில் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்போது வசதி இல்லாமல்தான் இருந்தது. அப்பாவின் ஆபீஸ் சட்டையில் காலர்தான் முதலில் நைந்துபோகும். அம்மா அதை முழுதாகப் பிரித்தெடுத்து, நைந்த பக்கம் அடியில் போகுமாறு திருப்பி வைத்துத் தைத்துவிடுவார். மறுநாள் ஆபீஸில் யாரும் கண்டுபிடித்ததில்லை. அப்பாவும் கவனித்ததில்லை என்பதுதான் இதில் விசேஷம். பெட்ஷீட்டின் நடுப்பகுதி நைந்தால் நடுவில் கிழித்து, ஓரங்களை உள்ளே சேர்த்து மூட்டி, இன்னும் சில வருடம் ஓட்டுவார். அந்த மிதி மெஷினின் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். "சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ தைப்பாள்" என்று எல்லாரும் சொல்வார்கள். அம்மா சும்மா இருந்த நேரத்தை நான் பார்த்ததே இல்லை.

"செத்துப்போனவர் புடவையைச் சின்னப் பிள்ளைக்குப் போடலாமா?" என்றும் சித்திதான் கேட்டீர்கள். மற்றவர் கேட்டிருந்தால் கடந்துபோயிருப்பேன். உங்கள் தலைப்பிரசவத்துக்கு அம்மா ஒரு பை நிறையக் குழந்தைச் சட்டை தைத்து எடுத்துவந்தாரே, நினைவிருக்கிறதா? பிறந்த பிள்ளைக்கு உடம்பில் உறுத்தக் கூடாது என்று பழைய மல் வேட்டியில் தைத்தவை. அந்த வேட்டிகள் தாத்தாவுடையவை. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. அந்தச் சட்டையைப் போட்டு வளர்ந்த அண்ணன்தான் இன்று லண்டனிலிருந்து எழுதுகிறார். அன்றைக்கு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கூலியும் கேட்கவில்லை அம்மா.

நான் கேட்பேன்.

இத்தனை களேபரத்துக்கு நடுவே, "எங்கள் பாட்டி புடவை ஒன்று இருக்கிறது, தைத்துத் தருவீர்களா" என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். தைத்துத் தருகிறேன். துவைத்து, இஸ்திரி போடாமல் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் எது தேறும் என்று சொல்வேன். தேறாது என்றால் கத்தரி வைக்க மாட்டேன். பிரிக்கும் வேலைக்குத் தனிக் கூலி, தைக்கும் வேலைக்குத் தனிக் கூலி, லைனிங் துணி உங்களுடையது. "பழைய துணிதானே, குறைத்துக்கொள்ளுங்களேன்" என்று நேற்றே ஒருவர் தொடங்கிவிட்டார். புதுத்துணி தைப்பதைவிட இதற்கு அதிகம்தான் வாங்குவேன்.