"பை" இருந்தா பாசிவ்னு முடிவு பண்ணிடாதீங்க
இங்கிலீஷ் வாக்கியத்துல 'வாஸ்' (was), 'பை' (by) ரெண்டும் இருந்தா கண்ண மூடிக்கினு பாசிவ் வாய்ஸ்னு, அதாவது செயப்பாட்டு வினைன்னு எழுதிடலாம்னு உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க, இத நம்பித்தான் என் பொண்ணு பரீட்சையில மார்க்க விட்டுட்டு வந்தா. குடியாத்தத்துல வீட்டு திண்ணையில ஒக்காந்து அவ பேப்பர பாத்தேன், 'ஹீ வாஸ் வெயிட்டிங் பை தி கேட்'னு இருக்குது, அதுக்கு பாசிவ்னு எழுதி வச்சிருக்கா. காத்துக்கினு இருந்தவன் அவனே தான, அப்புறம் எப்படி பாசிவ் ஆகும், அங்க 'பை'ன்னா பக்கத்துலன்னு அர்த்தம், யாராலன்னு இல்ல. இதுக்கு நேர் எதிரா 'வேலூர் ஃபோர்ட் வாஸ் பில்ட் இன் தி சிக்ஸ்டீன்த் செஞ்சுரி'ல 'பை'யே கிடையாது, ஆனா அது சுத்தமான பாசிவ், கோட்டை தானா எழுந்து நிக்கல, யாரோ கட்டினாங்க. பாக்க வேண்டியது 'வாஸ்'க்கு அடுத்து வர்ற வினை பில்ட், ரிட்டன், ஸ்டோலன் மாதிரி மூணாவது ஃபார்ம்ல இருக்குதா, முன்னாடி நிக்கிற எழுவாய் அந்த வேலைய செஞ்சுதா இல்ல அது மேல வேலை நடந்துதான்றது தான். மேல ஒருத்தர் 'செஞ்சவன் பேர் இல்லன்னா பாசிவ்'னு கருத்து போட்டிருக்காரு, அதுவும் சரியில்லீங்க, 'தி ம்யூட்டினி ப்ரோக் அவுட் ஆன் 10 ஜூலை 1806'ல யார் கலகம் பண்ணாங்கன்னே சொல்லல, ஆனாலும் ஆக்டிவ் (செய்வினை) தான். 'தி ஷாப் வாஸ் க்ளோஸ்ட்' மட்டும் கொஞ்சம் இழுபறி, கடை மூடியிருந்துச்சுன்னா அது நிலைமை, 9 மணிக்கு போலீஸ் வந்து மூட வச்சாங்கன்னா பாசிவ், தமிழ்ல 'மூடியிருந்தது', 'மூடப்பட்டது'னு ரெண்டும் தனித்தனியா இருக்குது இல்ல, அத சொல்லிக்காட்டினதும் பொண்ணுக்கு உடனே புரிஞ்சிடுச்சு.